கறுப்புத் திரையா? கலர்த் திரையா?

முதலாமாண்டில் லேபுக்குள் நுழைந்த அன்று என் முன்னால் இருந்தது வெறும் கறுப்புத் திரை. ஐகான் இல்லை, மெனு இல்லை. ஓரத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. நான் தமிழ் மீடியம். எங்கள் வீட்டிலிருந்து காலேஜ் வந்த முதல் ஆள். "இது இங்கிலீஷ் தெரிந்தவனுக்குத்தான்" என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

அது தப்பு என்று புரிய மூன்று மாதம் ஆனது. லினக்ஸில் ஃபைல்களின் பட்டியல் பார்க்க 'எல்எஸ்' என்று அடிக்க வேண்டும். ஃபைலை இடம் மாற்ற 'எம்வி'. ஃபைலுக்குள் ஒரு சொல்லைத் தேட 'கிரெப்'. இதெல்லாம் எந்த ஊர் இங்கிலீஷ்? கான்வென்ட் பையனும் என்னைப் போல மனப்பாடம்தான் பண்ணினான். (எர்ரர் மெசேஜ் மட்டும் அசல் இங்கிலீஷில் வரும். அதற்கு இன்னமும் எனக்கு டிக்‌ஷனரிதான்.)

அப்பா டீ மாஸ்டர். அந்தக் கடையில்தான் எனக்கு விஷயம் விளங்கிற்று. கண்ணாடி பாட்டிலில் இருக்கும் பன்னை விரலால் காட்டினால் போதும், பெயர் தெரிய வேண்டாம். ஐகானும் மவுஸும் அப்படி. ஆனால் 'ரெண்டு டீ, ஒண்ணு சர்க்கரை கம்மி' என்பதை விரலால் காட்ட முடியுமா? வாயால்தான் சொல்லணும். 'டீ' என்பது கட்டளை, 'சர்க்கரை கம்மி' என்பது ஆப்ஷன். 'எல்எஸ்'ஸுக்குப் பின்னால் சிறு கோடும் 'எல்'லும் சேர்த்தால் ஃபைலின் அளவு, தேதி எல்லாம் வருவதும் இப்படித்தான்.

டக்ளஸ் எங்கெல்பார்ட் 1968-லேயே சான் பிரான்சிஸ்கோவில் மவுஸை மேடையேற்றிக் காட்டிவிட்டார். மேகின்டாஷ் வந்ததோ 1984-ல். ஏன் இவ்வளவு தாமதம்? ஒரு காரணம் மெமரி. கணக்குப் போட்டுப் பாருங்கள். எழுத்துத் திரையில் 80 × 25 = 2,000 எழுத்துகள்; நிறத்தோடு சேர்த்து 4,000 பைட். 1987-ல் வந்த விஜிஏ படத் திரைக்கு 640 × 480 புள்ளிகள், 16 நிறம்: 1,53,600 பைட். 1981-ன் ஐ.பி.எம். பி.சி.யில் மலிவான மாடலின் மொத்த மெமரியே 16 கிலோபைட்தான்!

கட்டளைக்கு இன்னொரு முகமும் உண்டு. பிராக்டிகல் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, வேண்டாத 'புள்ளி ஓ' ஃபைல்களை அழிக்க 'ஆர்எம்' அடித்தேன். நட்சத்திரக் குறிக்கும் புள்ளிக்கும் நடுவில் தெரியாமல் ஒரு ஸ்பேஸ் விழுந்துவிட்டது. தனி நட்சத்திரம் என்றால் 'எல்லாம்' என்று அர்த்தம். 'நிஜமாகவா?' என்றுகூடக் கேட்கவில்லை. 14 சி புரோகிராமும் போயிற்று! மவுஸால் அழித்திருந்தால் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்திருக்கலாம். ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எல்லாவற்றையும் திரும்ப அடித்தேன்.

அடித்து முடித்ததும், 14-ஐயும் பேக்கப் ஃபோல்டருக்குள் ஒரே வரியில் காப்பி செய்ய உதவியதும் அதே நட்சத்திரம்தான். மவுஸை மட்டும் நம்பும் நண்பர்கள் அந்த ஒரு வரிக்காகவாவது கறுப்புத் திரைப் பக்கம் வரலாம். இப்போது 'ஆர்எம்' அடிக்கும் முன் அதே குறியை 'எல்எஸ்'ஸுக்குக் கொடுத்து, எந்தெந்த ஃபைல் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறேன்.