சதுரங்க நிரல்களின் பொதுமொழி

கணினியில் சதுரங்கம் ஆடுகையில் இரு நிரல்கள் இயங்குகின்றன. ஒன்று பலகையைத் திரையில் காட்டுவது. மற்றொன்று நகர்த்தலை ஆராய்வது. பின்னது ‘இயந்திரம்’ எனப்படும். இவற்றை இயற்றியோர் வேறுவேறாயின், இரண்டுக்கும் பொதுமொழி ஒன்று தேவை. ரூடால்ஃப் ஹூபரும் ஸ்டெஃபான் மேயர்-காலனும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட யூ.சி.ஐ. நெறிமுறை அத்தகையது.

இதில் செய்திகள் யாவும் எளிய எழுத்து வரிகளே. ‘இஸ்ரெடி’ எனத் திரை நிரல் வினவும். ‘ரெடிஓகே’ என இயந்திரம் விடையிறுக்கும். ஆட்டநிலை ஒவ்வொரு முறையும் முழுமையாக அனுப்பப்படும். ‘கோ’ என்றதும் ஆராய்ச்சி தொடங்கும். ‘பெஸ்ட்மூவ்’ என்னும் வரியில் முடிவு வரும். ஆராயும்போதும் இயந்திரம் செவிசாய்த்தல் வேண்டும். ‘ஸ்டாப்’ என்னும் கட்டளையைக் கேளாது போயின், நல்ல நகர்த்தலைக் கண்டிருந்தும் காலங்கடந்து தோற்க நேரிடும்.

விலையின்றிக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ் இயந்திரமும் இம்மொழியையே கையாள்கிறது. ஆதலின், இம்மொழியறிந்த எத்திரை நிரலுடனும் அதனை இணைத்துப் பள்ளிகளில் பயன்படுத்தலாம்.