அடக்கம் என்பது யாது?

நம் உபாசகர் இல்லங்களில் பெண் கேட்டு வருவோர் முதலில் வினவுவது, "பெண் அடக்கமானவளா?" என்பதே. குரல் உயராதவள், தலை நிமிராதவள், எதிர்வார்த்தை பேசாதவள் என்பதே அவர்கள் கொள்ளும் பொருள். திரிசரணம் ஏற்றுச் சாதியைத் துறந்த நாம், இச்சொல்லின் பொருளை மட்டும் பழைய வீட்டிலிருந்தே எடுத்து வந்துவிட்டோம். ஆகவே இதனை இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என நான்கினைப் பெண்ணுக்கு உரியவையாக மரபு வகுத்தது. இவற்றுள் மடமாவது, அறிந்தும் அறியாதவள் போல் இருத்தல். அறியாமையே துக்கத்தின் வேர் எனக் கண்ட பகவானின் தருமத்தில் இதற்கு இடமில்லை. நாணமும் அச்சமும் உண்டு. பாலி மொழியில் ஹிரி, ஒத்தப்பம் என வழங்கும் அவ்விரண்டும் உலகத்தைக் காப்பவை என்று பகவான் போதித்தார். ஆனால் ஹிரி என்பது தீமை செய்ய நாணுதல். ஒத்தப்பம் என்பது தீமையின் விளைவுக்கு அஞ்சுதல். மாமியாருக்கும் மேலதிகாரிக்கும் அஞ்சுதல் அன்று. ஆண் பெண் இருபாலர்க்கும் அவை பொது. கூலியை மதுக்கடையில் தொலைத்து நள்ளிரவில் வீடு திரும்பும் ஆடவனிடம் ஹிரி உண்டா என்று எந்தப் பெண் வீட்டாரும் விசாரிப்பதில்லை. நாம் ஆலையில் தறி ஓட்டிய காலத்தில், சம்பள நாளன்று வாயிலில் குழந்தையோடு காத்து நின்றவர்கள் மனைவிமாரே. நாணித் தலை குனிந்தவர்களும் அவர்களே!

மகா உபாசிகை விசாகையின் சரிதத்தைப் பாருங்கள். சாகேத நகரில் மழை கொட்டியபோது தோழியர் ஓடினர். விசாகை நனைந்தபடி நடந்தே வந்தாள். அதனைக் கண்டு வியந்தே சாவத்தி நகரத்து மிகாரன் வீட்டுக்குப் பெண் பேசினர். இவ்வளவோடு கதையை நிறுத்தி, "அதுவே அடக்கம்" என்று முடிப்போர் பலர். பின்னர் நடந்ததைக் கேளுங்கள். மிகாரன் பாயசம் உண்டுகொண்டிருக்கையில் பிக்கு ஒருவர் பிச்சைக்கு வந்தார். அவன் காணாதவன் போல் இருந்தான். விசாகை, "ஐயா, அப்பால் செல்லுங்கள்; என் மாமனார் பழையது உண்கிறார்" என்றாள். மாமனார் சினந்து அவளை வெளியேறச் சொன்னார். அவள் அழவுமில்லை, வெளியேறவுமில்லை. தான் நீர்த்துறையிலிருந்து பிடித்து வந்த அடிமை அல்லள் என்றும், தந்தை தன்னை ஒப்படைத்த எட்டுக் குடும்பத் தலைவர்களை அழைத்து வழக்கைக் கேட்க வேண்டும் என்றும் கூறினாள். அவர்கள் முன் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் விடை சொன்னாள். முற்பிறப்பின் புண்ணியத்தையே மாமனார் உண்கிறார், புதிதாக ஈட்டவில்லை. பழையது என்றது அதனையே என்றாள். குற்றமற்றவள் எனத் தீர்ப்பான பின்னரே, "இனி நான் போகிறேன்" என்று புறப்பட்டாள். மிகாரன் மன்னிப்பு வேண்டினான். பின்பு அவளைத் தாய் என்றே அழைத்தான். மழையில் ஓடாத அதே பெண்தான் எட்டுப் பேர் முன் வழக்காடினாள்.

நம் பெங்களூரிலும் இதற்கொப்ப ஒன்று நிகழ்ந்தது. 2016 பிப்ரவரியில் மத்திய அரசு வைப்புநிதி விதியைத் திருத்தியது. முதலாளி செலுத்தும் பங்கை 58 வயது வரை தொழிலாளர் எடுக்க இயலாது என்றாயிற்று. மகள் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் அந்தப் பணத்தையே நம்பியிருந்த கார்மெண்ட்ஸ் பெண்கள், ஏப்ரல் 18 அன்று தையல் இயந்திரங்களை விட்டெழுந்து ஓசூர் சாலையில் அமர்ந்தனர். மறுநாள் ஆயிரக்கணக்கில் பெருகினர். அன்று கல்வீச்சும் தீவைப்பும் நேர்ந்தன. பஞ்சசீலம் மேற்கொண்டோர் அவற்றை ஏற்க இயலாது. அன்று மாலையே அத்திருத்தம் கைவிடப்பட்டது. "பெண்கள் நடுச்சாலையில் அமர்வதா?" என்று முகம் சுளித்தோரும் அவ்வாறு மீண்ட உரிமையைப் பின்னர் அனுபவித்தனர்.

1942 சூலை 20 அன்று நாகபுரியில் கூடிய தாழ்த்தப்பட்ட வகுப்பு மாதர் மாநாட்டில் பாபாசாகேப் அம்பேத்கர், மணமான பெண் கணவனுக்குத் தோழியாகவும் சமமானவளாகவும் நிற்க வேண்டும், அடிமையாதல் ஆகாது என்று அறிவுறுத்தினார். தூய்மையையும் தீயொழுக்கம் விலக்கலையும் அதே உரையில் வற்புறுத்தினார். இரண்டும் ஒருங்கே செல்லும்.

ஓர் ஐயம் எஞ்சுகிறது. விசாகைக்குத் தந்தை சொன்ன பத்து உபதேசங்களுள், வீட்டு நெருப்பை வெளியே கொண்டு போகலாகாது என்பதும் ஒன்று. குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றி வாய் திறவாதே என்பதற்கு இதனைச் சான்று காட்டுவோர் நம்மிடையேயும் உளர். விசாகையே சொன்ன விளக்கம் வேறு: புகுந்த வீட்டார் குறைகளை ஊரில் தூற்றித் திரியலாகாது என்பதே அது. நீதி கேட்பதை அது தடுக்கவில்லை. அந்த விளக்கத்தை அவள் உரைத்ததே எட்டுப் பேர் கூடிய விசாரணையில் அன்றோ?

ஆதலின் இனி நம் சங்கத்தில் நடைபெறும் ஒவ்வொரு திருமணத்திலும், மணமகள் முறையிடத்தக்க பெரியோர் எட்டுப் பேரைப் பெயர் சொல்லி நியமித்தல் வேண்டும். அவர்களுள் நால்வரேனும் பெண்களாக இருத்தல் வேண்டும். அப்பெயர்களைத் திருமணப் பதிவேட்டிலேயே எழுதி, மணமகள் கையில் ஒரு படி கொடுத்தனுப்புக.