இறுதித் தீர்ப்புக்கு முன்னால்

அன்பு மகளே,

உன் விவாகரத்து வழக்கில் இடைக்காலத் தீர்ப்பு கைக்கு வந்துவிட்டதாக உன் அம்மா சொன்னாள். சொன்ன கையோடு, தஞ்சாவூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை ஜாதகம் வந்திருப்பதையும் சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் சட்டம். சிங்கப்பூரில் இடைக்காலத் தீர்ப்புக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் போனால்தான் இறுதித் தீர்ப்பு. வீடு, மத்திய சேமநிதி விவகாரங்கள் முடியாவிட்டால் இன்னும் நாளாகும். அதுவரை சட்டத்தின் கண்ணில் நீ மணமானவள், மறுமணத்துக்கு இடமில்லை. ஷரியா நீதிமன்றம் போகும் நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களிலும் பெண்ணுக்கு இத்தா என்னும் காத்திருப்புக் காலம் உண்டு. காரணங்கள் வேறு வேறு. ஆனாலும் இரண்டு வழியிலும் அவசரப்படாமல் நிற்க ஓர் இடைவெளி இருக்கிறது. உன் இடைவெளியைச் சொந்தக்காரர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதே.

அந்த நாள்களில் என்ன செய்வது? "உட்கார்ந்து யோசி" என்பார்கள். அன்றைக்கு அப்படிப் பேசாமல் இருந்திருந்தால் என்று இரவு மூன்று மணிக்குப் பழைய சண்டையையே திரும்பத் திரும்ப ஓட்டுவது யோசனை இல்லை, புண்ணைக் கிளறுவது. அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக உளவியலாளர் டேவிட் ஸ்பாராவின் குழு, துணையைப் பிரிந்து அதிக நாளாகாத சுமார் 90 பேரை எழுத வைத்துப் பார்த்தது. ஆய்வு 2013இல் வெளியானது. எதையும் மனத்தில் போட்டு உழற்றிக்கொண்டே இருக்கும் இயல்புள்ளவர்களுக்கு, பிரிவின் வேதனையைக் கொட்டி எழுதியது பலன் தரவில்லை. அன்றாடம் செய்ததை மட்டும் எழுதியவர்களே சில மாதங்களில் நன்றாகத் தேறியிருந்தார்கள். சிறு வயதிலிருந்தே நீ அந்த இயல்புக்காரி.

ஆகவே ஒரு நோட்டு வாங்கிக்கொள். "புக்கிட் கான்பராவில் தோசை, பாதிதான் இறங்கியது. கூட்டுக் கணக்கை மூடினேன். ரயிலில் அழுகை வந்தது." இது போதும். சில வாரம் கழித்துப் புரட்டிப் பார். யாரிடம் பேசிய நாளில் தூங்கினாய், எதை விழுங்கிக்கொண்ட நாளில் சாப்பாடு இறங்கவில்லை என்று உன் கையெழுத்தே சொல்லும். இனி எதற்கு வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதும் அதிலிருந்துதான் தெரியவரும்.

35 வயதாகாமல், பிள்ளையும் இல்லாமல், தனி ஆளாக வீவக வீடு வாங்க வழியில்லை; இப்போதைக்கு நீ பெற்றோர் வீட்டில்தான் இருப்பாய். அங்கே தனிமை கிடைக்காது என்று எனக்குத் தெரியும். செம்பவாங்குக்கு வா. இங்கே வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஊற்றில் தண்ணீர் சுமார் 70 டிகிரி, முட்டை வேகும். தட்டுத் தட்டாக இறங்கி 40 டிகிரிக்கு ஆறிய இடத்தில்தான் கால் வைக்க முடியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் உன்னை ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள். அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

வாரக் கணக்கில் தூக்கம் வராவிட்டால் பலதுறை மருந்தகத்துக்குப் போ. குடும்பச் சேவை நிலையத்தில் பேச ஆள் இருக்கிறார்கள். வாழ்வே வேண்டாம் என்று ஒரு நொடி தோன்றினாலும் 1767ஐ அழை, நள்ளிரவிலும் எடுப்பார்கள். பிறகு என்னைக் கூப்பிடு.

தஞ்சாவூர் ஜாதகத்தைப் பற்றி உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். இறுதித் தீர்ப்பு வரும்வரை நீ யாருக்கும் சரி என்று சொல்லிவிடாதே.

அன்புடன்,
பெரியம்மா