மின் மோட்டார் சைக்கிளுக்கு எந்தச் செயின்?



2022ஆம் ஆண்டில் பெற்றோலுக்காக வரிசையில் நின்றதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின் மோட்டாரும் பெட்டரியும் பூட்டிப் பார்க்கும் ஆசை நம் இளைஞர்களுக்கு வந்தால் அதில் வியப்பில்லை. மோட்டாரைப் பற்றியும் பெட்டரியைப் பற்றியும் துருவித் துருவிக் கேட்பவர்கள், செயின் என்று வந்தால் மட்டும், "செயின்தானே, கையில கிடைச்சதைப் போட்டா போச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். பின்னால் மனைவியோ பிள்ளையோ உட்கார்ந்து வரும் வண்டி அது. ஆகவே இந்தப் பாடத்தில் செயினைப் பற்றிப் பார்ப்போம்.

எஞ்சினுக்கும் மோட்டாருக்கும் உள்ள வித்தியாசம்

எஞ்சின் வண்டியில் ஏற்றம் வந்தால் முதலாம் கியருக்கு இறக்குகிறோம். கிளச்சை மெதுவாக விடுவதால் செயினுக்கு இழுப்பு கொஞ்சங் கொஞ்சமாக வருகிறது. வீட்டில் மாற்றிய மின் வண்டியில் பெரும்பாலும் கியரும் இல்லை, கிளச்சும் இல்லை. மின் மோட்டாரோ நின்ற இடத்திலிருந்தே பலமாக இழுக்கும். முதலாம் கியர் செய்த வேலையை இனி முன் பற்சக்கரமும் பின் பற்சக்கரமும்தான் செய்ய வேண்டும்.

பல் கணக்கு

பின் டயரில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்று உருட்டி, தரையில் அளந்து பாருங்கள். 18 அங்குலச் சக்கரமுள்ள சிறிய வண்டி என்றால் சுமார் 1.9 மீற்றர் வரும்.

நம் மோட்டார் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 14 பல், பின்னால் 42 பல் போட்டால் விகிதம் 3. பின் சக்கரம் 1,000 சுற்று சுற்றும். அதாவது மணிக்கு 114 கிலோமீற்றர்! தோட்டத்து ரோட்டுக்கு இது எதற்கு? முன்னால் 13, பின்னால் 65 போட்டால் விகிதம் 5. சக்கரம் 600 சுற்று, வேகம் மணிக்கு 68 கிலோமீற்றர். இதுவே தாராளம்.

வேகம் குறைந்ததால் நட்டமில்லை, இலாபம்தான். ஒரே ஏற்றத்தில், ஒரே சுமையுடன், விகிதம் 3 உள்ள வண்டியின் மோட்டார் மற்றதைவிட 5/3 மடங்கு முறுக்க வேண்டும். மின்னோட்டமும் ஏறக்குறைய அதே அளவு கூடும். மோட்டார்ச் சுருளின் சூடோ மின்னோட்டத்தின் வர்க்கத்தின்படி ஏறும்: 5/3 × 5/3, கிட்டத்தட்ட 2.8 மடங்கு. சமதரையில் பறந்த வண்டி ஏற்றத்தில் புகைவது இதனால்தான். பின் பற்சக்கரம் பெரிதானால் செயினின் மேல் விழும் இழுப்பும் குறையும்.

முன் பற்சக்கரத்தை மட்டும் மிகவும் சிறிதாக்க வேண்டாம். 12 பல்லுக்குக் கீழே போனால் செயின் அதிகமாக மடிந்து, துள்ளி, சீக்கிரம் தேயும்.

செயின் இலக்கம்

420, 428 ஆகிய இரண்டிலும் முதல் எண் 4. ஆணிக்கு ஆணி உள்ள தூரம் அங்குலத்தில் எட்டில் நாலு பங்கு, அதாவது அரை அங்குலம் என்பதே அதன் பொருள். துவிச்சக்கர வண்டிச் செயினுக்கும் அதே அரை அங்குலம்தான். ஏமாறும் இடம் இதுதான். உள் அகலம் 428க்கு சுமார் 8 மில்லிமீற்றர், 420க்கு 6.4, பழைய மாதிரித் துவிச்சக்கர வண்டிக்கு 3.2 மட்டுமே. அது காலால் மிதிப்பதற்குச் செய்தது. மோட்டாரில் பூட்டினால் விரைவில் நீண்டு, பல்லைத் தாண்டிக் குதிக்கும். மலைப்பாதையில் இருவர் போக 428 போடுங்கள். பற்சக்கரம் இரண்டும் அதே இலக்கமாக இருக்கட்டும்.

பூட்டும்போது

• முன், பின் பற்சக்கரங்கள் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். நூல் பிடித்துப் பாருங்கள்.
• செயினின் நடுவில் 2 முதல் 3 சென்டிமீற்றர் தளர்வு இருக்கட்டும். அதிகம் தளர்ந்தால் கழன்று சிக்கிப் பின் சக்கரத்தையே இறுக்கிவிடும்.
• இணைப்புக் கிளிப்பின் மூடிய முனை, செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.
• 24 கண்ணி சரியாக 12 அங்குலம். இழுத்துப் பிடித்து அளக்கும்போது 12¼ அங்குலம் வந்தால் செயினை மாற்றுங்கள். பற்சக்கரங்களையும் சேர்த்து மாற்றுவது நல்லது.
• செயினுக்கு மூடி போடாமல் ஓட்ட வேண்டாம். சேலை, சாரம், மழைக் கோட்டு எல்லாம் அதில் சிக்கும்.

விரல் கவனம்

எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று சத்தமே சொல்லிவிடும். மின் மோட்டார் நிற்கும்போது சத்தமே வராது. எண்ணெய் போடும்போது பக்கத்தில் நிற்கும் பிள்ளை கைப்பிடியைத் திருகினால் போதும், விரல் போய்விடும். சாவியை எடுத்தால் மட்டும் போதாது. பெட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே செயினில் கை வையுங்கள்.

மாற்றிய வண்டியை வீதியில் இறக்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதியிலும் விசாரிக்க மறக்க வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் இருப்பது பழைய எஞ்சின்.

செய்து பாருங்கள்

அதே மோட்டார், அதே சக்கரம். முன்னால் 14 பல், பின்னால் 56 பல். வேகம் என்ன?

விடை: விகிதம் 4, மணிக்கு சுமார் 85 கிலோமீற்றர். நம் ரோட்டுக்கு அது வேண்டுமா, ஏற்றத்தில் இழுக்கும் பலம் வேண்டுமா? வீட்டில் எல்லோரும் கூடி யோசித்து முடிவு செய்யுங்கள்.