‘இடத்தைக் காலி பண்ணு’ என்றால் என்ன செய்வது? கல்வராயன் மலைக் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

கல்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக மரவள்ளியும் சாமையும் போடும் குடும்பங்கள் பலவற்றிடம் பட்டா கிடையாது. 1976-இல்தான் இந்த மலை ஜாகிர்தார்கள் கையிலிருந்து அரசின் கைக்கு வந்தது. பட்டா இல்லை என்பதற்காக மட்டும் யாரும் மூட்டை கட்ட வேண்டியதில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் துணைக்கு இருக்கிறது.

1. நோட்டீஸைப் பாருங்கள்

வாய்வார்த்தைக்கு வெளியேறாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். படிக்காமல் எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்காதீர்கள். நோட்டீஸ் தந்தது வனத்துறையா, தாசில்தாரா என்று பாருங்கள். கீழ்க்கண்ட வழி வன நிலத்துக்கானது. வருவாய்ப் புறம்போக்கு என்றால் கெடு முடிவதற்குள் தாசில்தாருக்கு எழுத்தில் பதில் கொடுங்கள்.

2. கிராம சபையில் மனு கொடுங்கள்

பழங்குடியினர் 13.12.2005-க்கு முன்பிருந்தே அனுபவித்துவரும் வன நிலத்துக்கு, ‘அ’ படிவத்தில் கிராம சபையின் வன உரிமைக் குழுவிடம் மனு செய்யலாம். மலையாளி சமூகம் பழங்குடிப் பட்டியலில் உள்ளது. மற்றவர்கள் அந்தத் தேதிக்கு முன் 75 ஆண்டு வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். குடியிருந்தோ உழுதோ உண்மையில் அனுபவத்தில் வைத்திருக்கும் நிலத்துக்கே உரிமை. உச்சவரம்பு 4 ஹெக்டேர், அதாவது பத்து ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. கணவன், மனைவி இருவர் பெயரையும் எழுதுங்கள். உரிமை கூட்டாகத்தான் கிடைக்கும். மனு கொடுத்ததும் ரசீது வாங்குங்கள். விசாரணை முழுமையாக முடியும்வரை வெளியேற்றக் கூடாது என்கிறது சட்டத்தின் 4(5) பிரிவு. அப்போது கையில் இருக்க வேண்டியது அந்த ரசீதுதான்.

3. சான்றுகளைச் சேருங்கள்

ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது எல்லாம் செல்லும். காகிதம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு: ஊர்ப் பெரியவர்களின் எழுத்து வாக்குமூலம், பழைய கிணறு, வரப்பு, இடுகாடு, சாமி கும்பிடும் இடம் ஆகியவையும் சான்றே. குழு இடத்தைப் பார்க்க வரும் நாளில் நீங்களும் அங்கே இருங்கள்.

4. தள்ளுபடியானால்

காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிராம சபை மறுத்தால் 60 நாளுக்குள் கோட்ட அளவிலான குழுவிடமும், அங்கும் மறுத்தால் 60 நாளுக்குள் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவிடமும் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேல் உயர் நீதிமன்றம் இருக்கிறது. நாடு முழுவதும் மனு தள்ளுபடியானவர்களை வெளியேற்றச் சொன்ன தன் உத்தரவை, 2019 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்ததும் நினைவிருக்கட்டும்.

5. வக்கீலுக்குப் பணம் இல்லையா?

பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இல்லையேல் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவிடம் போங்கள்.

6. அதுவரை அடுப்பு எரிய

வழக்கு இழுக்கும்போது வயிறு காத்திருக்காது. அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி இலவசம். மிகவும் நலிந்த குடும்பம் என்றால் அந்த அட்டைக்கு மாற்றித்தரக் கேளுங்கள். குடும்பத்தில் முதியவரோ, கணவனை இழந்தவரோ இருந்தால் ஓய்வூதியத்துக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். 2023-இல் அது 1,200 ரூபாயாக உயர்ந்தது. மகளிர் உரிமைத் தொகை வராவிட்டால், மறுத்த காரணத்தை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். சாதிச் சான்றிதழ் இல்லாதவர்கள் இப்போதே விண்ணப்பியுங்கள். மலையாளிகளுக்கு அதைத் தருபவர் கோட்டாட்சியர்.

எந்த அலுவலகத்தில் எதைக் கொடுத்தாலும் நகலும் தேதியிட்ட ரசீதும் இல்லாமல் திரும்பாதீர்கள். தனியாகப் போவதைவிட ஊராகச் சேர்ந்து மனு கொடுங்கள்; கிராம சபையில் உங்கள் குரலுக்கு அதுவே பலம்.