பாலனை முதலில் பின்னு



நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாதாவின் முக்காட்டு விளிம்பில் கண்ணிகள் சீராக விழுந்திருக்கின்றன. சூசையப்பரின் தாடியும் அழகு. ஆனால் இருவருக்கும் கறுப்பு மணியில் கண் வைத்திருக்கிறாய். பாலன் இயேசு உன் கட்டைவிரல் அளவுகூட இல்லை. இந்தக் கிறிஸ்துமஸ் குடில் உன் அக்காவின் ஒன்றரை வயது மகனுக்கு என்கிறாய். அவன் முதலில் எடுத்து வாயில் வைக்கப்போவது அந்தப் பாலனைத்தான்.

அதனால் குடிலை மாதாவிலிருந்து தொடங்காதே, பாலனிலிருந்து தொடங்கு. பொதுவாகப் பெரியவர்களை எல்லாம் முடித்துவிட்டு, மிஞ்சிய நூலில் கடைசியாகப் பாலனைப் பின்னுகிறோம். ஆக, செட்டிலேயே மிகச் சிறியதும் குழந்தையின் கை முதலில் நீளும் இடமும் ஒன்றாகிவிடுகிறது.

மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மையைச் சோதிக்க ஒரு சிறு உருளை உண்டு. உள்விட்டம் 3.17 செ.மீ. அடி சாய்வாக இருக்கும். ஆழம் ஒருபுறம் 2.54 செ.மீ., எதிர்ப்புறம் 5.71 செ.மீ. பொம்மையோ அதிலிருந்து கழன்ற துண்டோ, அமுக்காமல் வைத்தும் அதற்குள் முழுதாக அடங்கிவிட்டால் அந்த வயதுக்கு ஆகாது, தொண்டையில் சிக்கக்கூடியது. தடித்த அட்டையைச் சுருட்டி நீயே ஒன்று செய்து தையல் பெட்டியில் போட்டுவை. ஆனால் நம்முடையது மரப்பொம்மை இல்லையே. அமுக்கினால் ஒடுங்கும், எச்சிலில் ஊறினால் இன்னும் ஒடுங்கும். உருளைக்குள் போகவில்லை என்று அதோடு நிறுத்திவிடாதே. என் கணக்கில் பாலன் 10 செ.மீ. நீளத்துக்கும் 5 செ.மீ. அகலத்துக்கும் குறையக் கூடாது. தலையும் உடம்பும் ஒரே துண்டாகப் பின்னு. கை கால் தனியாக வேண்டாம். லூக்கா நற்செய்தியிலும் பிள்ளை துணியில் சுற்றப்பட்டுத்தானே கிடக்கிறார்!

அப்படியானால் மாதா முப்பது செ.மீ. இருக்க வேண்டாமா என்று கேட்பாய். 18 போதும். அளவுப் பொருத்தத்தை நம் குடில்களில் யார் பார்த்தார்கள்? கண்ணாடிக் குளத்தில் மாட்டைவிடப் பெரிய வாத்து நீந்துவதை நீயும் பார்த்திருப்பாய்.

1223இல் இத்தாலியின் கிரெச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் அமைத்த குடிலில் தீவனத் தொட்டியும் வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும் இருந்தன. பாலன் பிறந்த நிலையைக் கண்ணெதிரே காண வேண்டும் என்பதற்காகவே அதை வைத்தார். பின்னால் களிமண்ணும் பிளாஸ்டர் ஆஃப் பாரிசும் வந்தன. வீட்டுப் பெரியவர்களின் “தொடாதே” என்ற அதட்டலும் கூடவே வந்தது. மதுரைப் பக்கம் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவர்கள் வடிக்கும் குடில் பொம்மைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவை மேசைமேல் இருக்கட்டும். நீ பின்னுவது தரையில் இருக்கப் போகிற குடில். இழுக்க, எறிய, கடிக்க.

இனி அந்தக் கண்கள். மணி, பொத்தான் இரண்டும் வேண்டாம். பின்பக்கம் வாஷர் போட்டு இறுக்கும் பிளாஸ்டிக் கண் கடையில் ‘சேஃப்டி ஐ’ என்ற பெயரில் கிடைக்கிறது. பெயரைப் பார்த்து வாங்கிவிடாதே. இறுக்கமாக நெய்த துணியில் அது நிற்கலாம். பின்னல் இழுத்தால் விரியும். விரிந்த கண்ணி வழியாக வாஷரோடு வெளியே வந்துவிடும். ஐரோப்பியப் பொம்மைத் தரமான ஈ.என். 71, 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துண்டை 90 நியூட்டன் விசையில் இழுத்துப் பார்க்கச் சொல்கிறது. ஏறக்குறைய ஒன்பது கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி. உன் தையல் நூல் அதைத் தாங்குமா? கறுப்பு நூலில் இரண்டு சிறு தையல் போட்டால் கண் ஆயிற்று. பாலனுக்குக் கீழ்நோக்கி ஒரு வளைகோடு போட்டால் தூங்குகிற முகம். வாயே வேண்டாம். முகத்தில் எவ்வளவு குறைவாகப் போடுகிறாயோ அவ்வளவு அமைதி வரும்.

இடையர் கோலுக்குள் கம்பியும் பைப் கிளீனரும் வைப்பார்கள். நுனி ஒருநாள் வெளியே வந்துவிடும். மூன்று நான்கு கண்ணியில் கயிறு போலப் பின்னி, முனையை வளைத்து, முழு நீளத்தையும் இடையரின் அங்கியோடு தைத்துவிடு. சம்மனசின் இறக்கையையும் சுற்றிலும் தை. ராஜாவின் கிரீடம் கழற்றும் தொப்பியாக வேண்டாம். தலை பின்னும்போதே மஞ்சள் நூலுக்கு மாறிவிடு. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் மூன்றும் கையோடு தைத்த பொட்டலங்கள். ஜரிகை நூல் குழந்தையின் தோலை உரசும். ஆட்டுக்கு மயிர் பறக்கும் மொஹேர் நூலும் வேண்டாம், சுருள் சுருளாக நீட்டும் பின்னலும் வேண்டாம். சுருளில் பிஞ்சு விரல் மாட்டிக்கொண்டால் இரத்த ஓட்டமே நின்றுவிடும். நிட் ஒன்று, பர்ல் ஒன்று. அடுத்த வரிசையில் நிட் மேல் பர்ல் வரும்படி மாற்றி மாற்றிப் பின்னினால் பரப்பு பொரிபொரியாக எழும். அதுவே ஆட்டுரோமம்.

மாடும் கழுதையும் நற்செய்தியின் பிறப்புக் கதையில் இல்லை. எசாயா 1:3 வழியாகக் குடிலுக்குள் நுழைந்தவை. நேரமில்லையென்றால் கழுதையை விடு. மாட்டை விடாதே, பையன் கோபித்துக்கொள்வான்.

நூல் டபுள் நிட் கனம் போதும். லேபிளில் 4 மி.மீ. ஊசி என்று போட்டிருக்கும். நீ 3 எடு. பின்னல் நெருங்கினால்தான் உள்ளே இருக்கும் பஞ்சு எட்டிப் பார்க்காது. ஸ்வெட்டர் பின்னிப் பழகிய கைக்கு இது முதலில் வலிக்கும். பஞ்சு, ரெக்ரான் மாதிரி ஃபைபராக இருக்கட்டும். இலவம்பஞ்சு துவைத்தால் கட்டிதட்டும், டிசம்பர் மழையில் காயவே காயாது. நிற்பதற்காக அடியில் அரிசி, பயறு, மணி எதையும் கொட்டாதே. அடிப்பாகத்தை இரண்டு அடுக்காகப் பின்னித் தட்டையாகத் தைத்தால் தானே நிற்கும். விழுந்தாலும்தான் என்ன? காந்தம் மட்டும் கூடவே கூடாது. இரண்டு காந்தத் துண்டுகளை விழுங்கினால் குடலில் ஒன்றையொன்று இழுத்து, நடுவில் அகப்பட்ட சதையை ஓட்டையாக்கிவிடும். நட்சத்திரத்துக்குள் பட்டன் பேட்டரி விளக்கு வைப்பதும் ஆபத்து.

துண்டுகளை இணைக்கும்போது அதே பின்னல் நூலால் தை. மெல்லிய தையல் நூல் பின்னலை அறுக்கும். அக்ரிலிக் நூல் வழுக்கும், முடிச்சை நம்பாதே. வால் நூலை மூன்று திசையில் உள்ளே ஓட்டிவிட்டு நறுக்கு. குண்டூசி ஒன்றுகூட வேண்டாம், வேறு நிற நூலில் தற்காலிகத் தையல் போட்டுப் பிறகு பிரி. மாதாவின் நீலமும் ராஜாவின் சிவப்பும் சாயம் விடுகிறதா என்று பின்னுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஒரு துண்டு நூலை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்து.

அக்காவிடம் இரண்டு சொல். இந்தக் குடிலைச் சுற்றி மெழுகுவர்த்தி கூடாது. அக்ரிலிக் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். இரவில் பொம்மை தொட்டிலுக்குள் போகக் கூடாது.

விற்கலாமா என்று கேட்டிருந்தாய். 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் 14 வயதுக்கு உட்பட்டவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருள் ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. பதிவு செய்துகொள், அப்புறம் விலை பேசு. ஆனால் அந்த விலக்கு காகிதத்துக்குத்தான். உருளைச் சோதனை உனக்கு எப்போதும் உண்டு.

இந்த டிசம்பருக்குப் பாலனும் மாதாவும் சூசையப்பரும் ஒரு மாடும் போதும். ராஜாக்களை அவசரப்படுத்தாதே. அவர்கள் திருநாள் ஜனவரி 6.

அன்புடன்,
உன் அத்தை