கயலுக்கு, சோப்பைப் பற்றி

அன்புள்ள கயல்,

ஹாஸ்டலுக்குப் போன ஒரே மாதத்தில் சோப்பு, ஷாம்பு எல்லாவற்றையும் மாற்றிவிட்டாயாம். உன் அம்மா போனில் ஒரே புலம்பல். எனக்குப் பிடித்ததை வாங்கக் கூடாதா என்று கேட்டாயாமே. தாராளமாக வாங்கு. அது எப்படிப் பிடித்துப் போனது என்று மட்டும் யோசித்துப் பார்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பெட்டிக்கடையில் ஷாம்பு பாக்கெட்டுகள் சரம்சரமாகத் தொங்கும். வெள்ளிக்கிழமை ஒன்று வாங்கி, முனையைப் பல்லால் கடித்து, எனக்கும் அக்காவுக்கும் பாதிப் பாதி. பிறகு அதற்குள் தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றிக்கொள்வோம். பாட்டில் வாங்க எங்களுக்கு ஏது காசு?

அந்தப் பாக்கெட்டுக்கு முன்னோடி கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கி, அப்பா பெயரைச் சுருக்கி 'சிக்' ஷாம்பு போட்டார். எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தாலும் ஒரு சிக் இலவசம் என்றார். பழகியதும், சிக் பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றிக்கொண்டார். அவர் ஆட்கள் ஊர் ஊராகப் போய்ப் பையன்களுக்குத் தலைக்குக் குளிப்பாட்டி, கூடியவர்களிடம் அந்த முடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னார்கள். அதிலும் மல்லிகை வாசனை! தலை நிறையப் பூ வைக்கிற ஊரில் இதைவிடக் கெட்டிக்காரத்தனம் உண்டா? 1999இல் விலை 50 பைசாவுக்கு வந்தது.

இதிலெல்லாம் எனக்குக் கோபமில்லை. கோபம் சிவப்பழகு கிரீம் மேல்தான். 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, கறுப்பாக இருந்தால் வேலை கிடைக்காது, வரன் அமையாது என்கிற பயத்தையும் சேர்த்தே விற்றது. 'ஃபேர்' பெயரிலிருந்து போக 2020 ஆனது.

உன் விஷயத்தில் விளம்பரத்தைவிட ரூம்மேட்டைத்தான் சந்தேகப்படுகிறேன். பக்கத்துக் கட்டில்காரி சொன்னால் எந்த நடிகை சொன்னதையும்விட நம்புவோம். இருக்கட்டும். அடுத்த முறை சோப்பு உறையைத் திருப்பி டி.எஃப்.எம். எவ்வளவு என்று பார். கொழுப்புச் சத்தின் அளவு அது. முதல் தர சோப்புக்குக் குறைந்தது 76 சதவீதம் வேண்டும். 'பேதிங் பார்' என்று போட்டிருந்தால் அதற்கு அந்தக் கணக்கு கிடையாது.

இவ்வளவு தெரிந்த நானும், முகர்ந்து பார்க்காமல் ஒரு சோப்பையும் கூடையில் போட்டதில்லை. தீபாவளிக்கு வரும்போது உன்னுடையதைக் கொண்டுவா.

உன் அத்தை